அச்சணந்தியின் தாயார்

கதை எங்கிருந்து கிடைக்கிறது என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இளம் வயதினர். ஊரைச் சொல்வேன், அப்பத்தாவைச் சொல்வேன், மலைகளில் பார்த்த கல்வெட்டுகளைச் சொல்வேன். கேட்டவர்களுக்கு அது போதும். எனக்குப் போதுவதில்லை. பழையதைக் கிளறி எழுதுகிறவளுக்குள் வேறொரு கேள்வி கிடந்து உறுத்துகிறது. இப்படி நினைத்துக்கொண்டே இருப்பது சரிதானா? சமணமானாலும் பௌத்தமானாலும் சைவமானாலும் இந்த மண்ணில் வேர்பிடித்த சமயங்கள் பற்றை விடச் சொல்கின்றன. குறளில் நிலையாமை, துறவு, மெய்யுணர்தல், அவா அறுத்தல் என்று நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுதுகிறவர்களோ விடாமல் வைத்துக்கொள்வதையே தொழிலாக வைத்திருக்கிறோம். செத்துப்போனவர்களின் குரல், இடித்துப்போட்ட வீட்டின் திண்ணை, யாரோ யாருக்கோ எழுதிய கடிதம் என்று எதையும் போகவிடுவதில்லை. நினைவு என்பது பற்றுதான் என்றால், எழுத்து அந்தப் பற்றுக்குச் செய்யும் பூசையா?

இந்தக் கேள்வியோடு நான் ஏறுகிற மலை மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், கீழக்குயில்குடியில் இருக்கிறது. சமணர்மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், விழுதிறக்கிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். கோயிலுக்குப் பின்னால் பாறையிலேயே வெட்டிய படிகள் தொடங்குகின்றன. கொஞ்சம் ஏறினால் ஒரு சுனை. அதை ஒட்டிய பாறை முகத்தில் வரிசையாக எட்டுத் திருமேனிகள். இடத்துக்குப் பேச்சிப்பள்ளம் என்று பெயர். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே பாறையில் அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரைச் செட்டியார் என்றே ஊர்க்காரர்கள் சொல்லிப் பழகிவிட்டார்கள். நீண்ட காதும் நிறைந்த உடம்பும் அவர்களை அப்படி நினைக்க வைத்திருக்கும். சமணம் ஊரைவிட்டு அகன்ற பிறகும் ஊர் அவரைத் தன் ஆளாக வைத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தச் சிற்பங்கள் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மதுரையில் பிறந்த எங்களுக்குச் சமணம் என்றாலே முதலில் காதில் விழுவது கழுவேற்றக் கதை. அந்தக் கதையில் வரும் சம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. அதற்குப் பிறகு இருநூறு, முந்நூறு ஆண்டுகள் கழித்தும் இதே மதுரையைச் சுற்றிய குன்றுகளில் பள்ளிகள் நடந்தன, மாணாக்கர்கள் படித்தார்கள், ஊர்க்காரர்கள் பொருள் கொடுத்துத் திருமேனி செய்வித்தார்கள். மலைமேல் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பள்ளியின் அடித்தளம் இன்றும் கிடக்கிறது. கல்வெட்டறிஞர் வெ. வேதாசலம் இந்தக் குன்றுகளைப் பற்றி 'எண்பெருங்குன்றம்' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். பசுமை நடை என்ற குழுவினர் விடுமுறை நாள் காலையில் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். கதையாகக் கேட்டதைக் காலால் ஏறிப் பார்க்கும்போது கதையின் அளவு மாறிவிடுகிறது. எழுதுகிறவர்கள் இடத்துக்குப் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பேச்சிப்பள்ளத்துத் திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் சிறுசிறு வரிகள். யார் செய்வித்தது என்ற விவரம்தான் எல்லாம். அவற்றுள் ஒன்று, இது அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. அவ்வளவுதான் வரி.

அச்சணந்தி தமிழ்ச் சமண வரலாற்றில் பெரிய பெயர். 9ஆம் நூற்றாண்டுத் துறவி. வடக்கே வள்ளிமலையிலிருந்து தெற்கே ஏர்வாடி வரை அவர் பெயர் பாறைகளில் இருக்கிறது. ஆனைமலை, அழகர்மலை, அரிட்டாபட்டி, கருங்காலக்குடி, உத்தமபாளையம், ஐவர்மலை என்று நடந்துகொண்டே இருந்திருக்கிறார். போன இடமெல்லாம் பாறையில் அருகனின் உருவம் எழுந்தது. அரிட்டாபட்டியில் அவர் செய்வித்த திருமேனியைப் பாதிரிக்குடி ஊரார் பாதுகாப்பில் விட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. துறவிக்குப் பெட்டி இல்லை, வீடு இல்லை, செய்வித்ததைக்கூட வைத்துக்கொள்ள இடமில்லை. ஊரிடம் கொடுத்துவிட்டு அடுத்த மலைக்கு நடந்துவிடுகிறார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு தாய் இருந்தார். அந்தத் தாய் இந்த மலைக்கு வந்து ஒரு திருமேனி செய்வித்தார்.

முதல் முறை அந்த வரியின் பொருளைக் கேட்டபோது நான் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு பல முறை யோசித்து, அதில் மூன்று விஷயங்களைக் கண்டேன். நந்தி என்று முடியும் பெயர் துறவுப் பெயர். தொட்டிலில் போட்டு அவர் மகனுக்கு இட்ட பெயர் அந்தப் பாறையில் இல்லை. சங்கம் கொடுத்த பெயரால்தான் மகனைக் குறிப்பிடுகிறார். மகன் வீட்டைவிட்டுப் போனதை அந்தத் தாய் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒப்புக்கொண்ட பிறகும் தாயார் என்ற உறவைக் கைவிடவில்லை. இரண்டும் ஒரே வரியில் நிற்கின்றன. அடுத்தது, அவர் மகனைச் செதுக்கச் சொல்லவில்லை. செதுக்கச் சொன்னது மகன் வணங்கிய தெய்வத்தை. மூன்றாவதாக, அந்த வரி எதையும் கேட்கவில்லை. நம் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு இத்தனை ஆடு, இதைக் காத்தவர் அடி என் தலைமேல், கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் கொள்வான் என்றெல்லாம் நீளும். இங்கே வேண்டுதலும் இல்லை, சாபமும் இல்லை. இன்னாரின் தாய், இதைச் செய்வித்தேன். முடிந்தது.

என் அப்பத்தாவுக்கும் இப்படி ஒரு மகன் இருந்தார். என் பெரியப்பா. செக்கானூரணிப் பக்கம் எங்கள் ஊர். வானம் பார்த்த காடு, கொஞ்சம் கிணற்றுப் பாசனம். மூத்தவர் பத்தாம் வகுப்புவரை படித்தார், கல்யாணப் பேச்சு எடுத்த வருடம் வீட்டைவிட்டுப் போய்விட்டார். நான் பிறப்பதற்கு முன் நடந்தது. சண்டையில்லை, கடனில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுப் போனார் என்பதை மட்டும் அப்பத்தா திரும்பத் திரும்பச் சொல்லும். மாட்டைப் பட்டினி போட்டுப் போகவில்லை என்பது அதற்கு ஒரு பெரிய ஆறுதல்.

நான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய காலத்தில் ரிஷிகேசத்திலிருந்து ஒரு நீல இன்லேண்டு லெட்டர் வந்தது. பெரியப்பாவின் கையெழுத்தை அடையாளம் கண்டு தாத்தா அதை வாங்கிப் பரணில் வைத்துவிட்டார். அவருக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை. மத்தியானம் அவர் காட்டுக்குப் போன பிறகு அப்பத்தா முக்காலி போட்டு ஏறி எடுத்து வந்து என் மடியில் வைத்தது. நலம், நலமறிய ஆவல் என்பதுபோல நாலு வரி. அடியில் ஆனந்தா என்று முடிகிற ஒரு பெயர். எனக்கு வாய்க்குள் நுழையவில்லை.

"இது யாரு பேரு அப்பத்தா?"

"அவம் பேருதேன். மாத்திக் குடுத்துருப்பாக. இன்னொருக்கா வாசித்தா."

வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு தனக்குள் சொல்லிப் பார்த்தது. பிறகு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னது. வெளியூர் உறவுக்காரர்களின் பெயரைக்கூடத் திரித்துச் சொல்லும் அப்பத்தா, அந்த வடமொழிப் பெயரை மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் மனனம் செய்துகொண்டது.

அடுத்து வந்த கார்த்திகைக்குத் திருப்பரங்குன்றம் போனோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், பேர் நட்சத்திரம் சொல்லுங்கோ என்றார். தாத்தா பெயர், அப்பா பெயர், என் பெயர் எல்லாம் சொல்லிவிட்டு அப்பத்தா கடைசியாக அந்த ஆனந்தா பெயரைச் சொன்னது. நட்சத்திரம் பூரட்டாதி என்றது. குருக்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். பெயர் குரு கொடுத்தது. நட்சத்திரம் அப்பத்தா வலியெடுத்துப் பெற்ற அன்று வானத்தில் இருந்தது. சந்நியாசிக்கு ஏது நட்சத்திரம் என்று பின்னாளில் யாரோ சொன்னார்கள். பூர்வாசிரமத்தோடு அதுவும் போய்விடுமாம். அப்பத்தாவுக்கு இது தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அப்பத்தா இறந்தபோது ரிஷிகேச முகவரிக்குத் தந்தி கொடுத்தோம். அவர் வரவில்லை. பட்டினத்தார் தாயின் சிதைக்கு வந்து வாழைமட்டையை அடுக்கித் தீ மூட்டிய கதையையும், ஆதிசங்கரர் தாய்க்குக் கொள்ளி வைக்கத் திரும்பி வந்த கதையையும் சொல்லி, இந்த மனுசன் வரலையே என்று இழவு வீட்டில் ஒருவர் குறைபட்டார். அந்தக் கதைகளை நானும் நேசிக்கிறேன். தமிழில் துறவைப் பற்றிய மனத்தாங்கல் முழுவதும் அவற்றில் இருக்கிறது. துறந்தாலும் தாயிடம் மட்டும் ஒருமுறை திரும்பி வா என்று நம் மக்கள் துறவிகளிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதைகளிலும் மகன்தான் பேசுகிறார், மகன்தான் பாடுகிறார். தாய் சிதையில் கிடக்கிறார். குணமதியாரின் வரியில் தாய் பேசுகிறார்.

சமணத்தின் கணக்கில் இது எங்கே நிற்கும்? உயிரைக் கட்டும் வினைகள் எட்டு. அவற்றில் தலையானது மோகனீயம். மயக்கமும் ஆசையும் பாசமும் அதற்குள் அடக்கம். மகாவீரரின் முதல் மாணாக்கர் கௌதமர், குருவின்மேல் வைத்த அன்பு ஒன்றினாலேயே முழுஞானம் தள்ளிப்போய், குரு வீடுபேறு அடைந்த பிறகுதான் அதைப் பெற்றார் என்று சொல்வார்கள். குருவின் மேல் வைத்த அன்புக்கே இந்த நிலை என்றால் மகன்மேல் வைத்தது எவ்வளவு கனமாக இருக்கும்! சித்தாந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் குணமதியாரின் வரி அவரை இன்னொரு பிறவிக்குக் கட்டிப்போடும் கயிறு.

பேச்சிப்பள்ளத்து வரிசையோ வேறொன்றையும் காட்டுகிறது. அதே வரிசையில் பாகுபலி நிற்கிறார். அசையாமல் நின்ற தவத்தில் கால்களைக் கொடி சுற்றிவிட்டது. இருபுறமும் அவருடைய சகோதரிகள் பிராமியும் சுந்தரியும். முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதர் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்றுக் கொடுத்தார் என்பது சமண மரபு. நான் அந்தச் சிற்பத்தின் முன்னால் நெடுநேரம் நின்றிருக்கிறேன். நடுவே நிற்பவர் எல்லாவற்றையும் விட்டவர். அவருக்கு ஒரு பக்கம் எழுதத் தெரிந்த பெண், மறுபக்கம் எண்ணத் தெரிந்த பெண். அவர் விட்டது எதை, நின்றது எப்படி என்று அவரே நமக்குச் சொல்லப் போவதில்லை.

இதைவிடக் கூர்மையான ஒரு சான்று செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் இருக்கிறது. 24 தீர்த்தங்கரர்களையும் ஒரே பாறையில் செதுக்கிய குன்று அது. அங்கே ஒரு கல்வெட்டு, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடம் இது என்கிறது. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு என்று எழுத்தின் வடிவத்தை வைத்துச் சொல்கிறார்கள். தமிழ் எழுத்து வளர்ந்த வரலாற்றில் முக்கியமான கல்வெட்டு என்பதால் ஆய்வாளர்கள் அதில் எழுத்துகளைப் பார்ப்பார்கள். நான் அந்த 57-ஐப் பார்த்தேன். யார் எண்ணியது? சல்லேகனை என்னும் இந்த நோன்பை நோற்பவருக்கு நாட்கணக்கு வேண்டியதில்லை. உணவையும் உடலையும் மெல்ல மெல்ல விடுகிறவர் நாளையா எண்ணிக்கொண்டிருப்பார்? பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் ஒவ்வொரு விடியலிலும் மூச்சிருக்கிறதா என்று பார்த்து மனசுக்குள் ஒன்று கூட்டியிருக்கிறார். மாணாக்கராக இருக்கலாம், ஊரிலிருந்து வந்த சாவகராக இருக்கலாம். 57 என்ற எண்ணில் துறவியின் மன உறுதி இருக்கிறது. பக்கத்தில் இருந்தவரின் தவிப்பும் அதே எண்ணில்தான் இருக்கிறது. பாறையில் நமக்குக் கிடைத்திருப்பது அந்த இரண்டாம் மனிதர் கொடுத்த தகவல்.

இதைக் கண்ட பிறகு எனக்கு ஓர் எண்ணம் வலுப்பட்டது. துறவின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் துறக்காதவர்கள், அல்லது முழுக்கத் துறக்க முடியாதவர்கள். கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாக இருக்கும் திருமேனிகளின் கீழும் கொல்லர், தச்சர், குயவர் பெயர்கள் இருக்கின்றன. குரத்தியார் என்று மதிப்போடு சொல்லப்பட்ட பெண் துறவிகளின் பெயர்களும் இருக்கின்றன. அந்தக் குரத்தியார்களின் பெயர்கள் மட்டும் பாறையில் ஏறாமல் போயிருந்தால், பாண்டிய நாட்டில் பெண்கள் ஆசிரியர்களாக இருந்து மாணாக்கர்களை வளர்த்தார்கள் என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளங்கோ அரசைத் துறந்து குணவாயிற் கோட்டத்தில் இருந்தவர் என்று பதிகம் சொல்கிறது. அவரிடம் மலைக்குறவர் வந்து வேங்கை மரத்தடியில் தாங்கள் கண்ட பெண்ணைப் பற்றிச் சொல்கிறார்கள். மதுரையில் வெள்ளியம்பலத்தில் இரவு படுத்திருந்து தெய்வத்தின் பேச்சைக் கேட்ட சாத்தனார் மீதியைச் சொல்கிறார். ஓர் இடத்தில் கண்டவர்கள், இன்னோர் இடத்தில் கேட்டவர், நடுவே ஒரு துறவி. நாட்டையே வேண்டாம் என்றவர் ஊர்பேர் தெரியாத ஒரு வணிகப் பெண்ணின் துயரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தக் காப்பியத்தில் என் மனம் தங்குகிற ஆள் கவுந்தியடிகள். சமணப் பெண் துறவி. புகாரை விட்டு வந்த கோவலனையும் கண்ணகியையும் காவிரிக் கரையில் பார்க்கிறார், கூடவே மதுரைக்கு நடக்கிறார். மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்ற ஆய்ச்சியிடம் அவர்களை அடைக்கலம் கொடுக்கிறார். அந்த நடையில் அவர் கண்ணகிக்குத் தாய்போல ஆகிவிடுகிறார். அதைத் தடுத்துக்கொள்ள அவர் முயன்றதாகவே எனக்குத் தெரியவில்லை. ஊழ்வினை என்னவென்று அறிந்தவர், உலகம் நிலையாது என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிறவர், கோவலன் கொலையுண்ட சேதி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிரை விடுகிறார். வீடுபேற்றுக்கான நோன்புதான் என்று ஓர் உரையாசிரியர் வாதிடலாம். துக்கம் தாளாமல் என்று வாசிப்பதையே நான் தேர்ந்தெடுக்கிறேன். இளங்கோ அவரை அதற்காகக் குறைத்துப் பேசவில்லை. பற்றற்றவர் என்று தொடங்கிய ஒருவரை அன்பினால் உடைந்துபோக விட்டு, அந்த முடிவை மாடலன் என்ற மறையோன் வாயால் சேர மன்னனிடம் சொல்ல வைக்கிறார். அங்கேயும் துறவியின் கதையைச் சொல்ல வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருக்கிறது.

பெரியப்பாவைப் பற்றி எழுத எனக்கு ஆசை இருந்தது. எழுத வரவில்லை. அவருக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அப்பத்தாவை நேராக எழுதவும் கை வரவில்லை. கண்ணீர் முதலில் வந்துவிடும், வாக்கியம் பின்னால் வரும். அப்படிப்பட்ட வாக்கியங்களை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுப்பதை ஒருநாள் பக்கத்திலிருந்து பார்த்தேன். பாறையைத் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்குகிறார்கள். பிறகு மைத்திண்டால் மேலாக ஒற்றுகிறார்கள். சுற்றிலும் கறுப்பு படிகிறது. மை தொடாத பள்ளங்கள் வெள்ளையாக நின்று எழுத்தாகின்றன. அப்பத்தாவின் துக்கத்தையும் அப்படித்தான் எழுத முடியும் என்று எனக்கு அப்போது தோன்றியது. துக்கத்தைத் தொடாமல் சுற்றியிருப்பதை எல்லாம் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஆகவே குணமதியார் மலையேறும் நாளை எழுதினேன். 9ஆம் நூற்றாண்டின் கதை. ஆனால் அதில் ஏறுகிற முழங்கால்கள் என் அப்பத்தாவின் முழங்கால்கள். ஒவ்வொரு படிக்கும் தொடையில் கையூன்றி, "முருகா" என்பதற்குப் பதிலாக "அருகா" என்று மூச்சுவிடுகிற பெண். சுனையில் வாய் கொப்பளித்துவிட்டு, கொண்டுவந்த பொருளை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்க்கிற விரல்கள். மகனின் புதிய பெயரைப் பிசகாமல் சொல்வதற்கு வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவதும் அப்பத்தாவிடமிருந்து எடுத்ததுதான். வரலாறு எனக்கு ஓர் உருவத்தைக் கொடுத்தது. அந்த உருவத்துக்குக் கீழே என் அப்பத்தாவின் பெயரை நான் எழுதிக்கொள்ள முடிந்தது. குணமதியார் மகனைச் செதுக்காமல் அருகனைச் செதுக்கச் சொன்னதும் இதே வழிதான் என்று நம்புகிறேன். நெஞ்சை அடைக்கிற ஒன்றை அப்படியே கல்லில் வைக்க முடியாது. அதைவிடப் பெரிய ஒன்றைச் செய்வித்து, அடியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கதையை வாசித்துவிட்டு வந்தவாசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். தமிழ்ச் சமணர். விளக்கு வைப்பதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடும் குடும்பம் என்பதால் மத்தியானமே இலை போட்டேன். கிழங்கு வகை ஏதும் இல்லாமல் சமைத்ததைக் கவனித்துச் சந்தோஷப்பட்டார். சாப்பிட்ட பிறகு மெதுவாகப் பேச்செடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா ஒரு விஷயம். துறக்காதவங்கதான் எல்லாத்தையும் எழுதி வச்சாங்கன்னு ஒரு இடத்துல சொல்றீங்க. பிராமியும் சுந்தரியும் துறவு வாங்கிக்கிட்டவங்கதானே? ஆர்யாங்கனைகள் ஆச்சே ரெண்டு பேரும்."

அது உண்மை. ஆதிநாதரின் சங்கத்தில் முதலில் துறவு பூண்ட பெண்கள் என்றே மரபு அவர்களைச் சொல்கிறது. அதோடு பெரியவர் விடவில்லை. தரசேன ஆசாரியாரின் கதையைச் சொன்னார். கிர்நார் மலைக் குகையில் இருந்த முதியவர். பழைய ஆகமங்களில் தமக்கு நினைவிருக்கிற பகுதி தம்மோடு அழிந்துவிடுமே என்று அஞ்சி, தெற்கே இருந்த முனிவர் கூட்டத்துக்குச் சொல்லி அனுப்பினார். அங்கிருந்து இரண்டு பேர் போனார்கள். புட்பதந்தர், பூதபலி. அவர்களுக்குப் பாடம் சொல்லி முடித்தார். அவர்கள் எழுதியதுதான் 'சட்கண்டாகமம்'. அது எழுதி நிறைவேறிய நாளைச் சுருத பஞ்சமி என்று இன்றைக்கும் சமணர்கள் கொண்டாடுகிறார்கள். அதன் ஓலைச்சுவடிகளைக் காத்து வைத்திருந்தது கர்நாடகத்து மூடபித்ரி.

"உடம்பையே விடத் தயாரா இருந்தவரும்மா. மறந்துபோயிடுமேங்கிற பயத்தை விடல. அப்ப நெனப்பு பாவமில்லையே. என்னுதுங்கிறதுதான் கட்டு."

"தாயார்னு எழுதினது என்னுதுன்னு சொன்ன மாதிரிதானேங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். இல்லறத்தாருக்கு அணுவிரதம், துறவிக்கு மகாவிரதம், ஒரே தராசில் இரண்டு பேரையும் நிறுக்கக் கூடாது என்றார். அந்தம்மா அவர் அளவுக்குச் சரியாகத்தான் செய்திருக்கிறார், ஆனாலும் பற்று பற்றுதான் என்றார். நான் அதை ஏற்கவில்லை. மகனின் துறவுப் பெயரை முன்னால் வைத்து, தன் உறவைப் பின்னால் வைத்து, எதையும் கேட்காமல் இறங்கிப் போன பெண்ணிடம் என்னுடையது என்ற குரல் எனக்குக் கேட்கவில்லை என்றேன். எங்கள் பேச்சு அந்த இடத்திலேயே நிற்கிறது. அவர் ஊரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் அங்கிருந்தே தொடங்குகிறோம். மேல்சித்தாமூருக்கு ஒருமுறை வாருங்கள், மடத்தில் இன்னும் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று அழைத்திருக்கிறார். போவேன்.

அதற்குள் இன்னொரு கதை கையில் ஏறியிருக்கிறது. பேச்சிப்பள்ளத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. குணமதியாருக்காக உளி பிடித்தவரின் பெயர் அந்த வரியில் இல்லை. திருமேனியைச் செதுக்கி முடித்து, அடியில் என்ன எழுத வேண்டும் என்று அவரோ எழுத்து அறிந்த வேறொருவரோ அந்த அம்மாளிடம் கேட்டிருக்க வேண்டும். உங்கள் பெயர் என்ன, அச்சணந்திக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று. கல்லில் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பதிலைக் குணமதியார் வாயால் சொல்லியிருக்க வேண்டும், பாண்டிய நாட்டுப் பேச்சில், முன்பின் தெரியாத ஒரு கல்தச்சரிடம். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு உளியோடு காத்திருக்கிற மனிதரைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.